கண்மாய்க்குள் ஒரு கடலைக்காடு

பச்சைக் கடலையைச் செடியோடு பிடுங்கினால், வேரில் அப்பியிருக்கும் கரிய மண்ணிலிருந்து லேசாக மீன் வாடை வரும். கடலையில் ஏது மீன் வாடை என்று கேட்பீர்கள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், தண்ணீரும் மீனும் இருக்க வேண்டிய கண்மாய்க்குள் கடலை போட்ட வீடு எங்களுடையது.

தாத்தா காலத்தில் மழை பொய்த்த ஒரு வருடம், வறண்டு கிடந்த கண்மாயின் ஓரத்தை உழுதிருக்கிறார். "தண்ணி வந்தா விட்டுட்டுப் போறேன்" என்றாராம். தண்ணீர் வந்தது; அவர் விடவில்லை. வண்டல் படிந்த அந்தக் "கரம்பை" மண்ணில் எரு போடாமலே விளைந்ததைக் கண்ட மனிதர் எப்படி விடுவார்? வருடா வருடம் நாலு சால் உள்ளே தள்ளி உழுது, வரப்பையும் கூடவே நகர்த்தி, எண்பதுகளில் நான் பள்ளிக்கூடம் போன நாளில் அப்பா அதைப் "பூர்வீகக் காடு" என்று கூசாமல் சொல்லும்படி ஆகியிருந்தது.

செண்பகத்தோப்பு மலைப் பக்கம் மேகம் கருத்தால் ஊரே கும்பிடும். எங்கள் அம்மா மட்டும் "இம்புட்டுப் போதும் தாயே" என்பாள். கண்மாய் நிறைந்து தண்ணீர் வழிந்தோடும் கல்கட்டுக்குக் "கலுங்கு" என்று பெயர். அதன்மேல் நட்டிருக்கும் கற்களின் இடுக்கில் புல்லும் களிமண்ணும் வைத்து ஊரார் அடைத்து, இன்னும் ஒரு முழம் தண்ணீரைத் தேக்குவார்கள். தை மாதம் நெல் பால் பிடிக்கும்போது பாய்ச்சுகிற "கடைசித் தண்ணி" அதுதான். எங்கள் கடலையை முக்குவதும் அந்த ஒரு முழம்தான்.

நான் ஒன்பதாவது படித்த வருடம் தீபாவளிக்கு முன்பே மழை கொட்டியது. கடலை காய் திரண்டு நின்றது. தீபாவளியன்று காலையில், ஊர் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தபோது, அப்பா மண்வெட்டியோடு போய்க் கலுங்கு அடைப்பை வெட்டிவிட்டார். அவருக்குக் காப்பி கொண்டுபோன நான் கரையில் புதுப்பாவாடையோடு நின்று, செந்தண்ணீர் ஓடையில் இறங்கி ஓடுவதை வேடிக்கை பார்த்தேன். நம் கடலை பிழைத்தது என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வந்து கேட்டபோது, "உங்க வெள்ளாமைக்கு எங் கடலையக் காவு குடுக்கணுமோ?" என்றார் அப்பா. சித்தப்பா போலீஸில் இருந்தார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். கலுங்கை மறுபடி அடைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு மழை எட்டிப் பார்க்கவில்லை.

பள்ளியில் என் பக்கத்தில் உட்காரும் செல்வியின் அப்பாவுக்கு அந்தக் கண்மாய்ப் பாசனத்தில்தான் வயல். தையில் கடைசித் தண்ணி இல்லாமல் கதிரெல்லாம் பதராகிப் போனது. அந்த நாட்களில் நான் டிபன் டப்பாவில் அவித்த கடலை கொண்டுபோவேன். "ருசியா இருக்குட்டி" என்று செல்வி உடைத்துத் தின்பாள். என் பங்கையும் அவள் பக்கமே தள்ளிவிடுவேன். அடுத்த ஜூனில் அவள் பத்தாவதுக்கு வரவில்லை. ராஜபாளையத்தில் மில்லுக்குப் போய்விட்டாள். அப்பாவிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பா எப்படியோ பட்டா வாங்கி, காட்டைப் பிளாட் போட்டு விற்றார். அதில் செய்த வளையல்தான் இப்போதும் என் கையில் கிடக்கிறது. மற்றவர்களும் அதே வழியில் இறங்க, கண்மாய் போய், வயலும் போய், எல்லாம் தெருவாகிவிட்டது. கலுங்குக் கல் ஒன்றில் யாரோ ஆடு கட்டியிருக்கிறார்கள்.

மில்லில் வருடக்கணக்காக உழைத்துச் சேர்த்ததில் செல்வியும் அந்தக் கண்மாய்க்குள் போட்ட பிளாட்டில்தான் வீடு கட்டியிருக்கிறாள். போன ஐப்பசி அடைமழையில் பார்க்கப் போனேன். நடுவீட்டில் கணுக்காலளவு தண்ணீர். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மொண்டுகொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"அன்னைக்கு வயலுக்கு வராத தண்ணி, இப்ப வீடு தேடி வருது பாத்தியாட்டி."

அவள் குத்திப் பேசவில்லை, அதுதான் வலித்தது. வளையலை மேலே ஏற்றிவிட்டு, நானும் ஒரு வாளி மொண்டு வாசலுக்கு வந்தேன். ஊற்ற இடமில்லை. தெருவிலும் அதே தண்ணீர்தான் நின்றது.