டிவி ரிமோட்டுக்கு ஒரு தோலுறை

புனேயில் ஜூலை பிறந்துவிட்டால் தோல் சாமான் எதுவும் தப்பாது. பெல்ட், செருப்பு, பர்ஸ் எல்லாம் பூஞ்சணம் பிடித்து வெளுத்துவிடும். நேற்று எங்கள் வீட்டு டிவி ரிமோட்டின் உறைக்கும் அதே கதி. ஆணியிலிருந்து கழற்றித் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பழைய தோல் வாசனை குப்பென்று வந்தது. ரிமோட்டுக்கு ஏது தோலுறை என்று கேட்பீர்கள். அது துப்பாக்கி உறை. துப்பாக்கி எங்கே என்று உடனே கேட்டுவிடாதீர்கள், அங்கேதான் வருகிறேன்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து விமான் நகரில் குடியிருந்தேன். அடுத்த வீட்டு அம்மாளை எல்லோரும் காக்கு என்பார்கள். மராத்தியில் சித்தி முறை. ஒரு நாள் காக்குவின் பால்கனியில் கழுவிக் கவிழ்த்திருந்த பிரஷர் குக்கரை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். குக்கர் போனது அவளுக்கு, துப்பாக்கி வேண்டும் என்று தோன்றியது எனக்கு. என் வீட்டில் இருந்தவை ஒரு பாய், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, கம்பெனி கொடுத்த லேப்டாப். லேப்டாப்புக்கு இன்சூரன்ஸ் உண்டு. பாய்க்காகத்தான் கவலைப்பட்டேன் போலிருக்கிறது.

ஆபீசில் இதைச் சொன்னபோது சிரிக்காத ஒரே ஆள் அருள்தாஸ். புனேயின் கட்கிப் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழன். அவன் அப்பா முப்பது வருடம் தோட்டாத் தொழிற்சாலையில் இருந்தவர், அதனால் துப்பாக்கி விஷயத்தில் தன் பேச்சுதான் முடிவான பேச்சு என்பான். அவர் அங்கே தோட்டாவைப் பெட்டியில் அடுக்கியதோடு சரி, ஒன்றைக்கூடச் சுட்டதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

சனிக்கிழமைதோறும் அருள் என்னைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஒரு சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போவான். அங்கே காற்றுத் துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும். முதல் நாள் மூச்சைப் பிடித்துப் பத்துக் குண்டு சுட்டேன். என் அட்டையில் ஒன்பது ஓட்டை. பக்கத்தில் இரட்டைச் சடைச் சிறுமி ஒருத்தியும் பத்துதான் சுட்டாள், அவள் அட்டையில் பதினொன்று. "அங்கிள், இது உங்களோடது" என்று இந்தியில் சொல்லி, மரியாதையாகக் காட்டினாள். குறி பார்ப்பதில் எனக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம் அதுதான்.

சுட்டு முடித்ததும் எதிர்ச்சாரி டீக்கடை. எந்தத் துப்பாக்கி வாங்குவது என்று அங்கேதான் நிஜமான யுத்தம். குறி பார்த்துச் சுடவும் அதுவே வேண்டும், இடுப்பில் செருகிக்கொள்ளவும் அதுவே வேண்டும். கல்யாணத்துக்கும் வயக்காட்டுக்கும் ஒரே செருப்புக் கேட்கிற கதைதான்.

"ரிவால்வர்தான்டா பக்கா. எப்ப இழுத்தாலும் வெடிக்கும். பிஸ்டல் நடுவுல அடைச்சிக்கிச்சின்னா திருடன் கிட்ட 'ருக்கோ பாய், அஞ்சு நிமிட்'னு சொல்வியா?" என்பான் அருள்.

"அதுக்குன்னு இடுப்புல உரலக் கட்டீட்டுத் திரியறதாடா? பிஸ்டல்னா சட்டைக்குள்ள இருக்கறதே தெரியாது. குறிக்கும் அதுதான் சுகம்."

இருவரும் இரண்டில் ஒன்றையும் தொட்டது கிடையாது. ஆனாலும் இரண்டு வருடம் பேசினோம். எனக்கு அந்த ஊரில் வேறு நண்பன் இல்லை. அவனுக்கும் கட்கியில் சண்டை போட ஆள் இல்லை, எல்லோரும் சொந்தக்காரர்கள். முடிவெடுத்தால் இருவரும் ஒரே நாளில், ஒரே துப்பாக்கிக்கு விண்ணப்பிப்பது என்று ஒப்பந்தம். முடிவெடுத்துவிட்டால் சனிக்கிழமைகளில் பேச ஒன்றும் இருக்காது என்பது இருவருக்குமே உள்ளூரத் தெரியும். அதனால் ஜாக்கிரதையாக முடிவெடுக்காமல் இருந்தோம்.

அதைக் கெடுத்தவன் நான்தான். ஒரு நாள் கேம்ப் கடைத்தெருவில் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் தனியாக நுழைந்தேன். லைசென்ஸ் இல்லாதவனுக்குக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க மட்டும்தான் அனுமதி. வெறுங்கையோடு வர வெட்கமாக இருந்தது. லைசென்ஸ் தேவைப்படாத ஒரே பொருளை வாங்கினேன்: பிஸ்டல் உறை. எருமை வாங்கும் முன்னே நெய்க்கு விலை பேசியாகிவிட்டது. உறைக்கு ஏற்றபடி விண்ணப்பத்திலும் 'பிஸ்டல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அருளிடம் உறையைக் காட்டி, விண்ணப்பித்ததையும் சொன்னேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். "என் கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்றான், அவ்வளவுதான். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த மூன்று சனிக்கிழமை அவன் பைக் வரவில்லை. அவனை அவமானப்படுத்திவிட்டேன் என்று புரிந்தது. போய் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

நடுவில் விசாரணைக்குக் கான்ஸ்டபிள் வந்தார். யாரால் ஆபத்து என்று கேட்டார். குக்கர் திருடனைச் சொன்னேன். குக்கரைப் பறிகொடுத்த காக்குவையே போய்க் கேட்டார். அவள் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, "தங்கமான பிள்ளை சாஹேப், பல்லியைப் பார்த்தால்கூட என்னைத்தான் கூப்பிடும்" என்று மராத்தியில் சாட்சி சொன்னாள். என் உயிருக்கு எவராலும் ஆபத்தில்லை, என்னாலும் எவருக்கும் ஆபத்தில்லை என்று எழுதிக்கொண்டு போனார். விண்ணப்பம் தள்ளுபடி.

செய்தி ஆபீசில் பரவிய அன்று சாயங்காலம் பைக் சத்தம் கேட்டது. அருள் வாசலிலேயே நின்று, "கெடைக்கலியா? ரொம்ப நல்லது. வா, மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிப்போம்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது அந்தக் கூடம் இருந்த இடத்தில் இருபது மாடிக் கட்டடம். டீக்கடை ஏடிஎம் ஆகிவிட்டது. காக்கு மகனோடு நாக்பூருக்குப் போய்விட்டாள். அருள் கனடா போய் எட்டு வருடம். தீபாவளிக்குத் தீபாவளி குழந்தைகள் படிப்பு, பனி, முட்டிவலி என்று பேசிவிட்டு வைத்துவிடுவோம்.

துடைத்த உறையைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பியிருந்தேன். இன்று காலை போன் வந்தது.

"டேய், இப்ப யோசிச்சா நீ சொன்னதுதான்டா சரி. பிஸ்டல்தான்."

பதினைந்து வருடம் காத்திருந்த வெற்றி. சந்தோஷமாக இல்லை, பகீரென்றது. இனி இவனோடு பேச என்ன இருக்கிறது?

"இல்லடா, ரிவால்வர்தான். பிஸ்டல் நடுவுல அடைச்சுக்கும்" என்றேன்.

"அரே, உனக்கு இன்னாடா தெரியும்? இடுப்புல உரலக் கட்டிக்கினா சுத்துவ?" என்று ஆரம்பித்தான்.

இன்றைக்குச் சனிக்கிழமைகூட இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.