ஆடி மாதத்து நாற்காலி

கருப்பட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது ஆனி மாதத்தின் கடைசி நாளில். ஒரு நாள் தள்ளியிருந்தால் ஆடி பிறந்திருக்கும், அம்மா ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். "ஆடியில புது மருமகளையே அம்மா வீட்டுக்கு அனுப்பிடறோம். நாய்க்குட்டியைப் போய் யாராவது கூட்டிட்டு வருவாங்களா?" என்பது அவள் கட்சி. அதனால் அப்பா டூட்டி முடிந்த கையோடு, வெள்ளைச் சீருடையைக்கூட மாற்றாமல், என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மாடம்பாக்கம் தாண்டி இருந்த நாய்கள் காப்பகத்துக்குப் போனார். எனக்கு அப்போது ஒன்பது வயது. நாய் வேண்டும் என்று இரண்டு வருடம் அழுது சாதித்திருந்தேன்.

காப்பகத்து அக்கா ஒரு பழுப்பு நிறக் குட்டியைத் தூக்கி வந்தார். ஐந்து மாதம். ஏற்கெனவே இரண்டு வீடுகளுக்குப் போய்த் திரும்பி வந்தது. "மனுஷங்ககிட்ட தங்கம் சார். வேற நாயைப் பார்த்தாதான் பிரச்னை. பயத்துலதான் கத்துது, ஆனா பாக்கறவங்களுக்குக் கோபம்னு தோணும்" என்றார். அப்பா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்காமல் காப்பகத்திலேயே திரும்ப விட வேண்டும் என்று அதில் இருந்தது. "மூணாவது தடவையும் வந்துடுச்சுன்னா அப்புறம் யாரும் எடுக்க மாட்டாங்க சார். வளர்ந்துடும்ல" என்று அக்கா மெதுவாகச் சொன்னார். நான் அதன் காதை முகர்ந்துகொண்டிருந்தேன். என்னைப் பொறுத்தவரை பேச்சு முடிந்துவிட்டது.

நாங்கள் சேலையூரில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரம்மா. ஒரு காலத்தில் அவர்கள் குடும்பம் நெல் விளைவித்த நிலத்தில்தான் எங்கள் தெருவே இருந்தது. கணவர் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் தனித்தனியாகப் போய், அவருக்குத் துணையாக டாலி என்ற வெள்ளைப் பொமரேனியன் மட்டும் இருந்தது. அதற்கு வயதாகிக் கண்ணும் மங்கிவிட்டது. கீழ் வீட்டு கிரில் கேட்டுக்கு முன்னால், படியோரத்தில், ஒரு மிதியடியின் மேல் நாள் முழுக்கப் படுத்திருக்கும். மாடிப்படி இறங்கித் தெருவுக்குப் போக அந்த மிதியடியைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

கருப்பட்டி ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டும்போது ஊரே கேட்கும்படி கத்தியது. மூன்றாம் நாள் கயிற்றை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பாய்ந்தது. கடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. ஆனால் டாலி எதுவென்று தெரியாமல் மிரண்டு எழுந்து, படியிலிருந்து உருண்டு, முன்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. வீட்டுக்காரம்மா அதை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மாடிக்கு ஏறி வந்தார். முட்டி வலிக்காரர், படி ஏறவே மாட்டார். "சார், நான் நாயே வேணான்றவ இல்ல. என் வூட்லயும் ஒண்ணு கீது. ஆனா அது வயசானது, இன்னொரு தபா வுழுந்துச்சுன்னா எழுந்திரிக்காது" என்று மூச்சு வாங்கினார். "ஆடியில வூட்ட காலி பண்ணுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தப் பாவம் எனக்கு வேணாம். ஆடி முடியட்டும். ஆவணி ஒண்ணாந்தேதிக்குள்ள இது அடங்கலன்னா குட்டிய அனுப்புங்க, இல்லாட்டி வேற வூடு பாத்துக்குங்க."

வேறு வீடு பார்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். என் பள்ளிக்கூடம், அப்பாவின் ரயில் ஸ்டேஷன், எல்லாம் பக்கத்தில். ஆக, அனுப்பப்படப் போவது யார் என்பதில் சந்தேகமில்லை. அன்றிலிருந்து வீட்டுக்காரம்மாவை வெறுத்தேன். ஒன்பது வயதில் வெறுப்பு மிகவும் சுத்தமாக வரும், கலப்படமே இருக்காது.

அப்பா தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே ஓடும் மின்சார ரயிலில் கார்டு. சிக்னல் ஒழுங்காக இருந்தால் உலகத்தில் எந்த விபத்தும் நடக்காது என்று நம்புகிறவர். அம்மாவிடம் சொல்லி ஜாக்கெட் துணியில் ஒரு பச்சைக் கொடியும் ஒரு சிவப்புக் கொடியும் தைத்து வாங்கிக்கொண்டார். காலையும் மாலையும் தெருமுனையில் போய் நிற்பார். நாய் எதுவும் இல்லையென்றால் பச்சை, நானும் கருப்பட்டியும் புறப்படுவோம். தூரத்தில் ஏதாவது நாய் தெரிந்தால் சிவப்பு, நாங்கள் கேட்டுக்குள் திரும்பிவிடுவோம். எதிர் வீட்டு மாமா பல் துலக்கிக்கொண்டே, "சார், பீச் வண்டி கரெக்ட் டைமா?" என்று கேட்பார். அப்பா சிரிக்க மாட்டார். டூட்டி என்றால் டூட்டிதான்.

மூன்று நாள் நன்றாக நடந்தது. நான்காம் நாள் கருப்பட்டிக்கு விஷயம் புரிந்துவிட்டது. கொடி ஆடினால் பின்னாலேயே நாய் வரும். எனவே அது கொடியைப் பார்த்தே கத்தத் தொடங்கியது. சிவப்புக்கு மட்டுமல்ல, பச்சைக்கும். நாய்க்கு அந்த இரண்டு நிறமும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகு கேம்ப் ரோட்டில் இருந்த எல்லாக் கட்சிக் கொடிகளையும் பார்த்துக் கத்தியது, அந்த விஷயத்தில் நடுநிலை தவறவில்லை. துணிக்கொடியில் காயும் அப்பாவின் துண்டைப் பார்த்தும் கத்தியது. அம்மா இது கண் திருஷ்டிதான் என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நாங்கள் மூவரும் இருமினோம், கருப்பட்டி தும்மிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஆடியில் பத்து நாள் போயிருந்தது.

அப்பா காப்பகத்துக்குப் போன் போட்டார். அந்த அக்கா மறுநாளே வந்தார். கொடிக் கதையைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார். "அது கத்துதுன்னா ரொம்பக் கிட்ட போயிட்டோம்னு அர்த்தம் பாப்பா. தள்ளி நில்லு. இன்னொரு நாய் கண்ணுல படணும், ஆனா பயம் வரக் கூடாது. பார்த்த உடனே ஒரு துண்டு முட்டை குடு. நாய் தெரிஞ்சா முட்டை வரும்னு அதுக்குப் பதியணும். நீ கயிறை இறுக்கக் கூடாது. நீ பயந்தா கயிறு வழியா அதுக்குத் தெரிஞ்சிடும்." அதற்குமேல் அவர் அப்பாவிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது அம்மா என்னைப் பால் பாக்கெட் வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டாள். நான் திரும்பி வந்தபோது அக்காவும் அப்பாவும் கீழ் வீட்டு கிரில் முன்னால் நின்றிருந்தார்கள். வீட்டுக்காரம்மா டாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மாட்டேன் மாட்டேன் என்பதுபோலத் தலையை ஆட்டினார். கெஞ்சியிருக்கிறார்கள், இந்த அம்மா மசியவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் ஐந்தரைக்கு நானும் கருப்பட்டியும் வாசல் கேட்டருகே நின்றோம். காம்பவுண்டின் மறுகோடியில், முருங்கை மரத்தடியில், வீட்டுக்காரம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். மடியில் டாலி. அதுவரை அந்த இடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வேவு பார்க்க வந்திருக்கிறார், குட்டி கத்தினால் சாட்சி சொல்ல. போதாததற்கு அதை உசுப்பிவிட டாலியையும் கொண்டுவந்திருக்கிறார். கருப்பட்டி காதை நிமிர்த்திப் பார்த்தது. நான் முட்டையைக் கொடுத்தேன். கத்தவில்லை. "நீ அந்தப் பக்கம் பாக்காத, குட்டிய மட்டும் பாரு" என்று அப்பா மாடியிலிருந்து சொன்னார்.

நான் பார்க்காமல் இருப்பேனா? மறுநாள் நாற்காலி கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். எங்களை நெருக்குகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆதாரம் வேண்டும் அல்லவா, ஒவ்வொரு நாளும் அவர் எழுந்து போனபின் நாற்காலிக் கால் இருந்த இடத்தில் சிமென்ட் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். ஆறாவது கோடு விழுந்ததும் அப்பாவை இழுத்து வந்து காட்டினேன். "பாருங்கப்பா, தினமும் நம்ம கிட்ட வந்துட்டே இருக்காங்க." அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் அந்தக் கோடுகளைப் பார்த்தார். "நல்லா போட்டிருக்க. அழிக்காம வை" என்றார். அவர் ஏதோ புகார் எழுதப் போகிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அம்மன் கோவிலில் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்காரம்மா விடவில்லை. மஞ்சள் புடவையோடு, தலையில் வேப்பிலையோடு, மைக்செட் அலறிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வந்து ஐந்தரைக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சாமி நாளில்கூட இந்த அம்மாவுக்கு எங்கள்மேல் கண் என்று நினைத்தேன். மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

ஐந்தரைக்கு அவர் டாலியோடு வந்தார். நாற்காலியைத் தேடினார். முருங்கை மரத்துக்குப் பின்னால் பார்த்தார். பிறகு மாடிப் பக்கம் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். போய்விடுவார் என்று காத்திருந்தேன். அவர் போகவில்லை. என் கடைசிக் கோட்டிலிருந்து ஓரடி முன்னால் வந்து, டாலியைத் தூக்கிக்கொண்டு, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, வழக்கமான அரைமணி நேரமும் நின்றார். நடுநடுவே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார். பிடிவாதத்தைப் பார் என்று எண்ணிக்கொண்டு கருப்பட்டிக்கு இன்னொரு துண்டு முட்டை கொடுத்தேன். இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஆனாலும் பயம் வந்து விடியற்காலையிலேயே நாற்காலியை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். அன்று மாலை அவர் அதில் உட்கார்ந்துகொண்டே, "நாற்காலிக்குக் காலு மொளச்சு மொட்ட மாடிக்குப் போய்ட்டு வந்துச்சு போலகீது" என்றார். டாலியிடம்தான் சொன்னார்.

ஆவணி முதல் தேதி காலையில் நாங்கள் மூன்று பேரும் கருப்பட்டியோடு படி இறங்கினோம். அப்பா கையில் கொடி எதுவும் இல்லை. டாலி பழையபடி மிதியடியில் படுத்திருந்தது. கருப்பட்டி நின்றது. டாலியைப் பார்த்தது. நான் கயிற்றை இறுக்கவில்லை. அது மெல்லத் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தது. முட்டை எங்கே என்று கேட்டது, அவ்வளவுதான். கொடுத்தேன். தின்றுவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு தெருவுக்கு நடந்தது. அம்மா அழுதாள். நான் கிரில்லுக்குப் பின்னால் நின்ற வீட்டுக்காரம்மாவைப் பார்த்து, "பாத்தீங்களா ஆன்ட்டி, நாங்க ஜெயிச்சுட்டோம்" என்றேன்.

"ஆமாங் கண்ணு, நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றார் அவர். "போம்போது கேட்ட ஒழுங்கா சாத்திட்டுப் போ. குட்டி ரோட்டுக்கு ஓடிடப் போவுது."

அந்த வீட்டில் நாங்கள் மேலும் பதினான்கு வருடம் இருந்தோம். டாலி அடுத்த கோடையில் போய்விட்டது. அதற்குப் பிறகு வீட்டுக்காரம்மா வேறு நாய் வளர்க்கவில்லை. கருப்பட்டிதான் படி இறங்கும்போதெல்லாம் அந்த மிதியடியருகே நின்று ஒருமுறை முகர்ந்துவிட்டுப் போகும். பின்னாளில் அவரும் காலமாகி, பிள்ளைகள் வீட்டை விற்றபோது, வழக்கம்போல ஆடி முடியக் காத்திருந்து பெருங்களத்தூருக்குக் குடிபெயர்ந்தோம். சாமான் ஏற்றிய அன்று முருங்கை மரத்தடியில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி ஒரு கால் உடைந்து கிடந்தது. முகம் நரைத்த கருப்பட்டி அதன் பக்கத்தில் படுத்திருந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"நகராம ஒரே இடத்துல இருக்கிற நாய் ஒண்ணு வேணும்னு காப்பகத்துப் பொண்ணு சொல்லுச்சு. வீட்டுக்காரம்மாகிட்ட போய்க் கேட்டோம். டாலிக்கு மறுபடி ஏதாவது ஆயிடுமோன்னு முதல்ல மாட்டேன்னாங்க. அப்புறம் அவங்களாவே ஒத்துக்கிட்டாங்க. ஒரு நாள் விட்டாலும் குட்டிக்கு மறந்துடும்னு சொன்னதால, நாற்காலி காணாமப் போன அன்னிக்குக்கூட நின்னாங்க பாரு. ராத்திரி முட்டிக்கு உங்கம்மாதான் போய் ஒத்தடம் குடுத்தா. உன்கிட்ட சொல்ல வேணாம்னுட்டாங்க. பாப்பா கயிறைத் தளர்வாப் புடிச்சுப் பழகியிருக்கு, மனசு சங்கடப்பட்டா கை இறுகிடும்னு."

மழையும் விளக்குமாறும் அந்தச் சாக்பீஸ் கோடுகளை எப்போதோ அழித்துவிட்டன. ஆனால் எனக்கு அந்த வரிசை அப்படியே நினைவிருக்கிறது, முருங்கை மரத்திலிருந்து வாசல் கேட் பக்கமாக. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் கோடு இல்லை. அன்று நாற்காலி வரவில்லை, அதனால் போடவில்லை.