தொட்டி அக்கா மேலே ஏறிய நாள்

பழைய தண்ணீர்க் கோபுரத்துக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் ஊர்க்கதை சொல்கிற அக்கா ஒரு தடவைகூட மேலே ஏறியதில்லையாம். இதை ஊருக்குப் புதிதாக வந்த சலூன்காரரிடம் சொன்னது யாரோ ஒரு வாடிக்கையாளர். சலூன்காரர், கத்தரியை நிறுத்தாமலே, சைக்கிள் கடைக்காரரிடம் சொன்னார். அந்த அக்காவின் கணவர் தான்தான் என்று சைக்கிள் கடைக்காரர் மூச்சுவிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் போட்டு உடைத்தார்.

“உன் வண்டவாளம் தண்டவாளம் ஏறிடுச்சு, தெரியுமா?”

அத்தனையும் உண்மை. ஊரே ‘தொட்டி அக்கா’ என்று கூப்பிடும் அவர், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கீழ்த்தளத்தைத் தாண்டியதில்லை. கீழே அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தோல் வாளி, ஈயக் குழாய், பெருவெள்ளத்தின் புகைப்படம் என்று எதைக் காட்டினாலும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். படிகள்தான் ஆகாது. சுவரை ஒட்டிச் சுழன்று ஏறும் இரும்புப் படிகள் சல்லடைபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும். கால் வைத்தால் கீழே தரை தெரியும். அதனால் இறங்கி வருகிறவர்களிடம், “என்னென்ன பாத்தீங்க?” என்று விசாரித்து, அதையே அடுத்து ஏறுகிறவர்களுக்குக் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லி அனுப்புவார். ரயில் நிலையக் கடிகாரக் கூண்டை இடித்துத் தள்ளிய பிறகும், “கடிகாரத்த மறக்காம பாருங்க, வெயில்ல தகதகன்னு மின்னும்” என்று சொல்லிக்கொண்டிருந்ததில்தான் குட்டு உடைந்தது.

“நாளைக்கு நகராட்சியிலேருந்து புது மேடம் வர்றாங்க. அவங்க காதுல விழுந்தா என் வேலை போச்சுங்க.”

“அப்ப ஏறிடு.”

“உங்களுக்கென்ன, வாய் வலிக்காம சொல்லிடுவீங்க.”

“நீ மட்டும் ஏறிட்டா இந்த மீசையவே எடுத்துடறேன், போ!”

கல்யாணத்துக்கு முன்பிருந்தே வளர்த்த மீசை. மனைவி ஏறமாட்டாள் என்ற தைரியம்.

மறுநாள் அதிகாரி வந்தார். கீழ்த்தளக் கதைகளை வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். மேலே போகும் நேரம் வந்ததும் அக்கா வழக்கம்போல ஆரம்பித்தார்: “ஏறினதும் இடது பக்கம் ஆறு தெரியும் மேடம்…”

“நீங்க வரலையா?” அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “தனியா ஏற மாட்டேன்க்கா. நாற்காலியில ஏறி பல்பு மாட்டினாலே எனக்குத் தலை சுத்தும். நீங்க தினமும் ஏறி இறங்குறவங்க. கூட்டிட்டுப் போங்க.”

சிரிப்பதா அழுவதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. முதல் படியில் கால் வைத்தார். அக்காவின் தோள்பையின் வாரை அதிகாரி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“கீழ பாக்காதீங்க மேடம்,” என்றார் அக்கா, தனக்கும் சேர்த்து. ஓட்டை வழியே தெரியும் தரையை மறக்க வெள்ளத்தின் கதையை மறுபடி முதலிலிருந்து எடுத்தார்.

“இதக் கீழேயே சொன்னீங்களே?”

“நல்ல கதை மேடம். இன்னொரு தரம் கேளுங்க.”

வெள்ளம் வடிவதற்குள் மேல்தளம் வந்துவிட்டது. காலித் தொட்டியைச் சுற்றி வட்டமாக ஜன்னல்கள். காற்று முகத்தில் அறைந்தது. ஆறு வலது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

“இடது பக்கம்னீங்க?”

இனி மறைத்து என்ன பயன்? “மேடம், உள்ளதச் சொல்லிடறேன். நானும் இன்னிக்குத்தான் முதமுதலா ஏறினேன்.”

அதிகாரி சிரித்த சிரிப்பில் தொட்டி அதிர்ந்தது. “அடப்பாவமே! அப்ப என்னை யாருங்க கூட்டிட்டு வந்தது? முன்னாடியே சொல்லியிருந்தா முதல் படியிலயே உக்காந்திருப்பேன். அடுத்த தடவை வரும்போதும் நீங்கதான் கூட்டிட்டு வரணும், சொல்லிட்டேன். அதுசரி, இப்ப எப்படி எறங்குறது?”

“அத அப்புறம் பாத்துக்கலாம் மேடம். எனக்கு ஒரு போன் பேசணும்.”

ஜன்னலுக்கு நேர் கீழே சைக்கிள் கடை. கணவர் ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எண்ணை அழுத்தினார். அவர் கையைத் துணியில் துடைத்து, போனை எடுத்து, கூப்பிடுவது யாரென்று பார்த்தார். வழக்கம்போலக் கோபுர வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஆளில்லை. அவர் பார்வை சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏறியது.

அக்கா ஜன்னலில் நின்று கையசைத்தார்.

ஒரு கையில் போனோடு அவர் எழுந்து நின்றார். இன்னொரு கை மீசையைப் பொத்திக்கொண்டது. அக்காவின் காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.