நான் தேர்ந்தெடுத்த கூண்டு

ஏழாம் வகுப்பு அரைப் பரீட்சை முடிந்த வாரத்தில் எனக்குப் பந்தைக் கண்டால் பயம் வர ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அப்படி இல்லை. எங்கள் பள்ளியில் பெண்களுக்கு ஒரு சாஃப்ட்பால் குழு இருந்தது. பெயரில்தான் மென்மை. கிரிக்கெட் பந்தைவிடப் பெரிய, வெள்ளைத் தோல் போர்த்திய அந்தப் பந்து, மேலே பட்டால் கல்லுக்குக் குறைந்ததல்ல. எறிகிறவள் கையைக் கீழிருந்து சுழற்றி வீசுவாள். நாம் அலுமினிய மட்டையால் அடிக்க வேண்டும்.

ஒருநாள் மாலைப் பயிற்சியில், என் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் வாயில் பந்து பட்டது. அவள் அழவில்லை. உள்ளங்கையில் துப்பி, ரத்தத்தோடு கிடந்த இரண்டு பற்களையும் யாருடையவையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து, எறிகிறவளின் கையை விட்டுப் பந்து கிளம்பியதும் என் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பது ஒரு பயம். எடுக்காமலே விட்டுவிடுவார்களோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

சூலூருக்குத் தெற்கே எங்களுக்குக் கோழிப்பண்ணை இருந்தது. அப்பா எந்த விளையாட்டையும் நின்று பார்த்தவரல்ல. ஆனால் அந்த வருடத் தொடக்கத்தில் என்னை அழைத்துப்போகப் பள்ளிக்கு வந்தவர், நான் அடித்த ஒரு பந்து சுவரைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள் போய் விழுந்ததைப் பார்த்துவிட்டார். பிறகு தீவன லாரி ஓட்டுநர்வரை அவர் அதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. இப்போது நான் சரியாக அடிப்பதில்லை என்று விளையாட்டு ஆசிரியை சொன்னதும், பழக்கம் போதவில்லை என்று முடிவு கட்டினார். கோயமுத்தூரில் மாவட்டக் குழுவுக்கு ஆள் எடுக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

“ஊட்டுலயே ஒரு கூண்டு கட்டிப்போடலாம் கண்ணு. பந்து பொறுக்க ஓட வேண்டியதில்லை. நீ பாட்டுக்கு அடிச்சுட்டே இருக்கலாம்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை கோயமுத்தூரில் ஒரு வலைக்கடைக்குப் போனோம். அம்மாவின் தம்பியும் வந்திருந்தார். அவர் மோட்டார் பம்புக்கு இரும்புச் சாமான் செய்கிற பட்டறை வைத்திருந்தவர். இரும்பைத் தவிர எதையும் அவர் பொருளாக மதித்ததில்லை.

கடையில் ஒரு நடுத்தர வயது அம்மா, மூக்குக் கண்ணாடியோடு கிழிந்த வலை ஒன்றைக் கோத்துக்கொண்டிருந்தார். ஆடப்போகிறவள் நான் என்று தெரிந்ததும் கைவேலையை வைத்துவிட்டு எழுந்து, நைலான் வலை ஒன்றை விரித்துப் பிடித்தார்.

“கூண்டுன்னா வலை தொளதொளன்னு தொங்கோணுமுங்க. மோதுற பந்தை வாங்கிட்டு அப்படியே கீழ உட்டுறோணும். கம்பத்துக்கும் வலைக்கும் நடுவுல ரெண்டடி இடம் உடுங்க. கம்பத்துல பட்டுச்சுன்னா போன வேகத்துலயே திரும்பி வரும்.”

மாமா சிரித்தார். “நைலானை வெயிலு தின்னுபோடும் மச்சான். ரண்டு வருசத்துல நாரு நாராப் போயிரும். நம்ம கோழிக்கூண்டுக் கம்பி வலையவே அடிச்சுக் குடுத்தர்றேன். காலத்துக்கும் நிக்கும்.”

அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஆடறது நீதான அம்மணி. நீயே சொல்லு.”

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எது எப்போது தயாராகும்?

நைலானை நாளைக்கே கட்டிவிடலாம் என்றார் கடைக்கார அம்மா. மாமா தலையைச் சொறிந்தார். பட்டறையில் வேலை நெரிசல்; ஒன்றரை மாதமாவது ஆகும் என்றார்.

“கம்பி” என்றேன் நான்.

ஏழாம் வகுப்புப் பிள்ளை எவ்வளவு யோசித்துப் பதில் சொல்கிறாள் என்று அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்கார அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பஸ்ஸில் திரும்பும்போது பல நாட்களுக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

பத்தாவது நாள் வாசலில் டெம்போ வந்து நின்றது. மேலே கம்பி வலைச் சட்டங்கள். அவற்றைப் பிடித்தபடி மாமா. அக்கா மகள் ஆடுவதற்கென்று மற்ற ஆர்டர்களை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுச் செய்திருந்தார். நான் எண்ணியிருந்த ஒன்றரை மாதம் அந்த இடத்திலேயே போனது.

கோழிக் கொட்டகைக்குப் பின்னால் கூண்டு எழுந்தது. உள்ளே போனதும் கதவின் கொண்டி ‘டக்’கென்று விழும். எதிர்க் கோடியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா நிற்பார். கீழிருந்து கை சுழற்றி எறிய என் ஆசிரியையிடம் பழகிக்கொண்டு வந்திருந்தார். முதல் மூன்று நாள் பந்து மெதுவாக வந்தது. நான் அரைக்கண்ணோடு சமாளித்தேன். நான்காம் நாள் வேகத்தைக் கூட்டினார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றினேன்.

‘டிங்’ என்றது. உடனே ‘ணங்’ என்று இன்னொரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

கண்ணைத் திறந்தபோது அப்பா தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். பந்து அவரைத் தாண்டிப் போயிருக்கிறது. எவ்வளவு தூரம் போகிறது பார்க்கலாம் என்று ஆசையாகத் திரும்பியிருக்கிறார். பின்னாலிருந்த இரும்புக் கம்பத்தில் பட்டு அது திரும்பி வந்திருக்கிறது. விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது. கதவுக்கு ஓடினேன். கொண்டி தூக்க வரவில்லை. கொட்டகையில் அத்தனை கோழிகளும் கத்த ஆரம்பித்தன. நானும் கத்தினேன்.

அம்மா ஓடிவந்து கதவைத் திறந்தாள். “ஏனுங்க, என்னுங்க ஆச்சு? கையை எடுங்க, பாக்கறேன்!” அவர் கையை எடுக்கவில்லை. “புள்ளையை அக்கட்டால கூட்டிட்டுப் போ” என்று மட்டும் சொன்னார்.

கோயமுத்தூர் கண்ணாஸ்பத்திரியில் அவரைப் படுக்க வைத்தார்கள். வராந்தாவில் மாமா தலையில் அடித்துக்கொண்டு நின்றார். அம்மா டாக்டரைப் பார்க்கப் போனபோது நான் கட்டிலருகே போனேன். வலது கண்ணில் பெரிய கட்டு.

“கம்பின்னா லேட்டாகும்னுதாம்ப்பா கம்பின்னு சொன்னேன். எனக்குப் பந்துன்னா பயம். நான் கண்ணை மூடிட்டுத்தான் அடிச்சேன்.”

நான் அடிக்குத் தயாராக நின்றேன். அவர் என் கையைத் தேடிப் பிடித்தார்.

“இதை உங்க மாமங்கிட்டச் சொல்லிப்போடாத கண்ணு. அத்தன வேலையைத் தள்ளி வெச்சுப்போட்டு ஆசையாச் செஞ்சவன். மனசு உட்டுருவான்.”

வேறெதுவும் கேட்கவில்லை.

மாவட்டத் தேர்வு நாங்கள் இல்லாமலே நடந்து முடிந்தது. கட்டுப் பிரித்து, வீக்கம் வற்றி, அப்பா பழையபடி நடமாட ஒன்றரை மாதம் ஆனது. ஒருநாள் அவரே கம்பி வலையைக் கழற்றிக் கொட்டகைக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் கடையிலிருந்து நைலான் வலை வாங்கிவந்து கட்டினார். தொளதொளவென்று, கம்பத்திலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி. மறுநாள் காலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றார்.

எனக்கு மட்டையைத் தூக்கவே கை வரவில்லை.

“அடி அம்மணி. எனக்கு ஒண்ணும் ஆகாது. கண்ணை மட்டும் மூடாத.”

அடித்தேன். பந்து அவர் வலது காதை ஒட்டிப் போனது. அவர் அசையவில்லை, இமைகூட அடிக்கவில்லை. வலை பந்தை வாங்கிக் கீழே விட்டது. அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். அவர் எறிவது முன்பைவிடக் கோணலாக இருந்தது. பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். அம்மா மட்டும் வேலையைப் போட்டுவிட்டு வலைக்கு வெளியே, அவருக்கு வலப்பக்கம் வந்து நிற்பாள். ஒரு முறை பட்டுவிட்டால் பயம் போய்விடும்போல என்று அப்பாவைப் பார்த்து நினைத்துக்கொண்டேன். அவரைப் பார்த்துப் பார்த்தே கண்ணைத் திறந்துவைத்து அடிக்கப் பழகினேன். அடுத்த வருடம் மாவட்டக் குழுவில் இடம் கிடைத்தது.

நான் கல்லூரியில் படித்தபோதுதான், அப்பாவின் வண்டி லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள். அவர் போகவே இல்லை. ஏன் என்று கேட்டேன். அம்மா, அடுப்பைப் பார்த்தபடியே, அந்த வலது கண்ணில் அன்றைக்குப் போன பார்வை திரும்பவே இல்லை என்றாள். ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்களாம். என்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருந்தாராம்.

இரண்டு வருடம், தினமும் காலையில், அந்தப் பக்கமாக நான் அடித்த ஒரு பந்தையும் அவர் பார்க்கவில்லை.