வேன்காரர் வீட்டு மெழுகு

பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி நிற்கிறார். உருகிய மெழுகைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஆறும்போது நடுவில் குழி விழும். ரொம்ப ஆறவிட்டு ஊற்றினால் கண்ணாடியில் வரிவரியாக ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் உண்டு. அது வரும்வரை வீடே தீப்பற்றினாலும் அவர் நகரமாட்டார். "என்னங்க, இன்னுமா?" என்று மனைவி கேட்டால் ஒரே பதில்தான்.

"இரும்மா, இரு. சிக்னல் இன்னும் விழல."

ஆள் முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டியவர் என்பது இதிலேயே புரிந்திருக்கும். முதலாளி வண்டிகளையெல்லாம் விற்றுவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டார். இவர் ஸ்டீரிங்கை விட்டு இறங்கி வருஷம் ஒன்று ஓடிவிட்டது. ஆனால் தெருவுக்கு அவர் இன்றைக்கும் வேன்காரர்தான். அவர் வாயும் வண்டியை விட்டு இறங்குவதாக இல்லை. ஆறிய மெழுகில் குழி விழுந்தால், "பள்ளம் விழுந்துடுச்சு, ரோடு போடணும்" என்று மேலே இன்னொரு கரண்டி ஊற்றுவார். திரி சாய்ந்தால், "அலைன்மென்ட் அவுட்." வாசனைத் தைலம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டால், "ஓவர் ஸ்பீட்." கேட்டுக்கேட்டு மனைவியும் அப்படியே பேசப் பழகிவிட்டார். நர்ஸ் வேலைக்குப் போகிறவர் அவர். ஒருநாள் டாக்டரிடமே, நோயாளியின் பிரஷர் ரிவர்ஸ் கியரில் போகிறது என்று சொல்லி அசடு வழிந்தாராம்.

தொழிற்சாலை எங்கே என்று தேட வேண்டாம். சமையலறையில் பாதி. அடுப்புக்கு இந்தப் பக்கம் சாப்பாடு, அந்தப் பக்கம் மெழுகு. தரையில் சிவப்பு டேப் ஒன்றை நீளமாக ஒட்டியிருக்கிறார். அதற்குப் பெயர் ஸ்டாப் லைன். முதல் வகுப்புப் படிக்கும் மகள் அதற்கு இப்பால் நின்றுதான் கேள்வி கேட்க வேண்டும். கேள்விகளுக்கு டேப் எதுவும் இல்லாததால் அவை பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். "மெழுகுக்கு வலிக்குமா?", "திரியை யாரு கண்டுபிடிச்சா?", "நீ தூங்கும்போது மெழுகு என்ன பண்ணும்?" எல்லாவற்றுக்கும் சளைக்காமல் பதில் சொல்வார். தெரியாததற்கும் சொல்வார்.

ஆரம்பத்தில் அவர் அடித்த கூத்தை அவரே சொல்லிச் சிரிப்பார். மெழுகின் சூட்டை அளக்க வேண்டும் என்று எங்கோ கேள்விப்பட்டாராம். குழந்தைக்கு ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டரைக் கொதிக்கிற மெழுகுக்குள் விட்டுவிட்டார். அது ஒரு சத்தம் போட்டது. அத்தோடு அதன் ஆயுள் முடிந்தது. வேலை முடிந்து வந்த மனைவி அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "மெழுகுக்கு ஜுரம் எவ்ளோ?" என்று கேட்டாராம். "அன்னிக்கு அவ திட்டியிருந்தா விட்டிருப்பேன் சார், இந்தத் தொழில. கிண்டல் பண்ணிட்டா. ரோஷம் வந்துடுச்சு" என்பார்.

திரியை நடுவில் நிறுத்திப் பிடிக்க மகளின் தலைமுடிக் கிளிப்புகள்தான் கருவி. பட்டாம்பூச்சி, முயல்குட்டி, ஸ்ட்ராபெரி என்று விதவிதமாக. பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வீட்டில் நடக்கும் சண்டையெல்லாம் இதனால்தான். "அப்பா, என் முயல்குட்டி எங்க?" "அது டூட்டில இருக்கும்மா. ஸ்ட்ராபெரிய மாட்டிக்க." அந்த வகுப்பில் தலையில் வாசனையோடு வருகிற ஒரே பெண் இவள்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விளையாட மாட்டார். ஒவ்வொரு முறை ஊற்றிய மெழுகிலும், மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் கையில் எடுப்பார். அதைச் சாப்பாட்டு மேசையில் ஏற்றி வைப்பார். துணி மடிப்பது, மகளுக்குத் தலை வாருவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அது எரிகிற வெளிச்சத்தில்தான். ஒரு கண் வேலையில், ஒரு கண் சுடரில். இதற்கு டெஸ்ட் டிரைவ் என்று பெயர். இது முடியாமல் ஒரு மெழுகுவர்த்திகூட வாசலைத் தாண்டாது.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்டால் மனிதர் கொஞ்சம் தடுமாறுவார். வேன் ஓட்டிய காலத்தில் தெருத்தெருவாகப் போய்க் குழந்தைகளை ஏற்றுவார். யாருக்கு எந்தப் பல் ஆடுகிறது, யார் வீட்டில் தம்பி பிறந்திருக்கிறான், எல்லாம் அத்துப்படி. ஆனால் சொந்த மகள் முதல் அடி எடுத்து வைத்ததை அவருக்குப் போனில்தான் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பெண்மணி பார்த்துவிட்டுச் சொன்னார். "நாலு சக்கரத்துல எல்லாப் புள்ளைங்களையும் கொண்டுபோய் விட்டேன். என் புள்ள நடந்தத நான் பாக்கல" என்பார். சொல்லிவிட்டு உடனே எழுந்து போய் எதையாவது துடைக்க ஆரம்பிப்பார். இப்போது மகளைப் பள்ளியில் விடுவதும் அழைத்து வருவதும் அவர்தான். அவள் பள்ளியில் இருக்கிற நேரம்தான் அவருக்கு ஆபீஸ் நேரம்.

இந்த நிம்மதிக்கு ஒரு கெடு வந்தது. மனைவியின் அண்ணன் வெளியூரில் பெரிய கிடங்கொன்றில் பொறுப்பில் இருக்கிறார். நல்ல மனிதர், சத்தமாகப் பேசுவார். தன்னிடம் மேற்பார்வையாளர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது, தங்க இடமும் உண்டு, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து போகலாம் என்று போன் செய்தார். இவர் கையில் மாவு போல மெழுகு அப்பியிருந்ததால் போனை ஸ்பீக்கரில் வைத்துத்தான் பேசினார்.

"மச்சான், மெழுகுவர்த்தி பண்ணிக் குடும்பம் நடத்த முடியுமா? யோசிச்சுப் பாருங்க. சனிக்கிழமை கூப்பிடறேன். அதுக்குள்ள அது வித்துச்சுன்னா சரி, இல்லன்னா பெட்டியக் கட்டுங்க."

நியாயமான பேச்சு. அக்கம்பக்கத்தார் முகதாட்சண்யத்துக்காக வாங்கியதுதான் அதுவரை நடந்த வியாபாரம்.

அதே வாரம் பூக்கடைக்காரம்மா தேடி வந்தார். கடைத்தெரு மூலையில் பூங்கொத்து கட்டி விற்கிறவர், கறார் பேர்வழி. கடையை இடித்துப் பெரிதாக்குகிறார். திறக்கிற அன்று பூங்கொத்தோடு சேர்த்துக் கொடுக்க ரோஜா நிறத்தில், ரோஜா வாசனையில் மூன்று டஜன் மெழுகுவர்த்தி வேண்டும் என்றார். "நல்லா இருந்தா மாசாமாசம் எடுத்துக்கறேன், தம்பி. நல்லா இல்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன்." வேன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியைக் கட்டுவதா வேண்டாமா என்பது இப்போது அந்த மூன்று டஜனில் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், நிறம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல வர வேண்டும் என்பதற்காகப் பெரிய பாத்திரத்தில் மொத்தமாக உருக்கினார். சாயம் போட்டார், தைலம் விட்டார், இறக்கி வைத்தார், கையைக் கட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்தா வாசலில் கண்ணாடிக் குவளைகள் வந்து இறங்க வேண்டும்! ஓடிப்போய் எண்ணி வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், அடேயப்பா, என்ன நிறம்! வெளிறிய சாயம் போட்ட மெழுகு பூ விரிந்த மாதிரி ஜம்மென்று இருந்தது. ஆற ஆற நிறம் ஏறுகிறது போலிருக்கிறது என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு குவளைகளில் ஊற்றினார். மகள் டேப்புக்கு இந்தப் பக்கம் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதை அவர் கவனித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை. கண்ணை மூடி ஒன்றை எடுத்து மேசையில் ஏற்றினார். சுடர் எழுந்தது, சற்று நின்றது, உளுந்து அளவுக்குச் சுருங்கியது, அணைந்தது. மறுபடி ஏற்றினார், மறுபடி அதே கதை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் மக்கர். வரிசையாக ஏற்றிக்கொண்டே போனார். பார்க்க அத்தனை அழகு, எரியத்தான் ஒன்றுக்கும் மனசில்லை. திரிக்காரன்தான் ஏமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டி, போனை எடுத்து அவனை ஒரு பிடி பிடிக்கத் தயாரானார்.

"திரி மேல தப்பு இல்லப்பா" என்றது ஒரு குரல்.

மகள் தன் கிரேயான் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். பெட்டியில் கறுப்பும் பழுப்பும் நீலமும் பச்சையும் மட்டும் மிச்சம்.

"நான்தான் போட்டேன். பிங்க், சிவப்பு, ஆரஞ்சு எல்லாம். காகிதத்த உரிச்சிட்டுத்தான் போட்டேன். கறுப்பு, பச்சையெல்லாம் போட்டா அசிங்கமா இருக்கும்னு போடல."

கிரேயான் மெழுகால் ஆனதுதான், உருகவும் செய்யும். ஆனால் அதில் இருக்கிற வண்ணத்தூள் திரியின் நூலிழைகளை அடைத்துவிடும். மெழுகு மேலே ஏறாது, சுடர் பட்டினியில் சாகும். இதெல்லாம் அவருக்குத் தெரியும். இத்தனை தெரிந்தவர் அப்போது செய்த காரியம், ஒரே தாவலில் போய் மகளின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "சூடு பட்டுச்சா? எங்க பட்டுச்சு, காட்டு! கோட்டத் தாண்டினியா நீ? தாண்டினியா?" ஒரு விரலிலும் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் கோபம் வந்தது. கோபம் வந்த கையோடு கேட்டார். "ஏம்மா இப்படிப் பண்ண?"

"மாமா சொன்னாங்கல்ல, வித்துச்சுன்னா நீ போக வேணாம்னு. வெளுத்துப்போய் இருந்தா யாரு வாங்குவா? கலர் நல்லா இருந்தாத்தான வாங்குவாங்க."

வேன்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் அந்தப் பெட்டியை எப்படி வைத்திருப்பாள் என்று அவருக்குத் தெரியும். சிநேகிதிக்குக்கூட ஒரு துண்டு தரமாட்டாள். கீழே விழுந்து உடைந்தால் அழுவாள். அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அழுதாரா என்றால், அழுதார். மறைக்க என்ன இருக்கிறது?

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு குவளையை எடுத்துக்கொண்டு மகளோடு பூக்கடைக்குப் போனார். நடந்ததை மூடி மறைக்காமல் சொன்னார். பூக்கடைக்காரம்மா குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எரியாத மெழுகுவர்த்திய வச்சு நான் என்ன செய்ய? எனக்கு எரியறது வேணும். புதன்கிழமை கடை திறக்கறேன். செவ்வாய்க்கிழமை கொண்டுவாங்க, ஏத்திப் பாத்துட்டுத்தான் எடுப்பேன். இல்லன்னா வேற ஆள் இருக்கு." பிறகு குவளையை மேலே தூக்கிப் பார்த்தார். "ஆனா இதே கலர் வேணும் தம்பி."

"அந்தக் கலர் இனி வராதுங்க. அது என் பொண்ணு போட்ட கலர்."

அந்த அம்மா மகளை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது போல, முகத்தைத் திருப்பிக்கொண்டு பூவுக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார். எடுப்பேன் என்றும் சொல்லவில்லை, எடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

டூட்டி முடிந்து வந்த மனைவி கதையை நின்றபடியே கேட்டார். முதலில் சிரித்தார், அப்புறம் மகளைக் கட்டிக்கொண்டார். அதன்பின் கணவரைப் பார்த்து, "உங்க இஷ்டம்தான். ஆனா ஒண்ணு சொல்றேன். இந்த ஒரு வருஷமா நான் வீட்டுக்கு வரும்போது கதவு திறந்திருக்கு. உள்ள ரெண்டு பேர் சண்ட போட்டுக்கிட்டு இருக்கீங்க. எனக்கு அது புடிச்சிருக்கு" என்றார். "அண்ணன்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேணாம். என்கிட்டதான கேட்டாரு. நானே சொல்றேன்."

சாயங்காலம் புது மெழுகு உருகியது. பாத்திரம் ஆறியது, சிக்னல் விழுந்தது, குவளைகளில் ஊற்றினார். கிளிப்புகள் எல்லாம் தத்தம் திரியைப் பிடித்து நின்றன. கடைசி இரண்டில் மட்டும் கிளிப் வழுக்கித் திரி சாய்ந்தது. அவற்றை மேசை ஓரத்துக்கு நகர்த்தி, இந்தக் கையால் ஒன்று அந்தக் கையால் ஒன்று என்று இரண்டு திரிகளையும் விரல் நுனியில் பிடித்துக்கொண்டார். மேலே ஆடை படிகிறவரை விட முடியாது. அப்போதுதான் போன் அடித்தது.

மகள் எடுத்து வந்தாள். மேசைக்கு மறுபுறம் நாற்காலியில் ஏறி நின்று, எட்டி அவர் காதில் வைத்துப் பிடித்தாள். மச்சானின் குரல் அறைக்கே கேட்டது.

"என்ன மச்சான், மெழுகு என்னாச்சு? வித்துச்சா?"

"இன்னும் விக்கல."

"அப்ப டிக்கெட் போட்டுடவா?"

வேன்காரர் திரிகளைப் பார்த்தார். பிறகு, போனைப் பிடித்திருந்த சின்னக் கையை. அந்தக் கை ஆடாமல் இருந்தது. அவள் மூச்சுத்தான் நின்றிருந்தது.

"வேணாம் மச்சான். வித்தாலும் சரி, விக்கலன்னாலும் சரி, நான் வரல. இங்கதான் இருக்கப் போறேன். விக்கலன்னா உள்ளூர்லயே ஏதாவது பாத்துக்கறேன். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

அந்தப் பக்கம் கொஞ்சம் சத்தம், கொஞ்சம் புத்திமதி, கடைசியில் ஒரு பெருமூச்சு. "சரி, உங்க இஷ்டம். பாப்பாவக் கேட்டதாச் சொல்லுங்க" என்று மச்சான் போனை வைத்துவிட்டார்.

மகள் மட்டும் வைக்கவில்லை. பேச்சு அடங்கிய போனை அவர் காதோடு அழுத்திப் பிடித்தபடியே நின்றாள். அவருடைய கைகளும் திரியை விட முடியாமல் அப்படியே இருந்தன. வைத்துவிடு என்று அவரும் சொல்லவில்லை. கன்னத்தை மெல்ல அவள் கைமேல் சாய்த்துக்கொண்டார்.