செல்ஃப் எடுக்காத பிளஷர்

எங்கள் வீட்டு பிளஷர் கார் என்னைவிட ஆறேழு வயதுதான் இளையது. செங்கல்பட்டில் ஒரு டாக்டர் ஓட்டி, அவரிடமிருந்து ஓர் அரிசி மில்காரர் வாங்கி ஓட்டி, அலுத்துப்போய் ஓரங்கட்டி வைத்திருந்த வண்டி. அதை என் வீட்டுக்காரர் ஆசை ஆசையாக வாங்கி வந்தார். எழுபதுகளின் ஆரம்பம் அது. கைலி, பெட்ஷீட், துண்டு மூட்டைகளோடு திருக்கழுக்குன்றம், கல்பாக்கம், கேளம்பாக்கம் என்று ஊர் ஊராகப் போய் விற்பது அவர் வியாபாரம். "பஸ் மேல மூட்டை ஏத்தி ஏத்தி இடுப்பே போச்சுமே. இனிமே ராஜா மாதிரி போலாம்" என்றார். ராஜா வந்த அன்றைக்கே வாசல் முழுக்க எண்ணெய் ஊற்றி வைத்தது.

அந்த வண்டியை நாங்கள் ஓட்டினோம் என்று சொன்னால் பொய். ஒப்பேற்றினோம். பெட்ரோல் டேங்க் கசிகிறதா, பார் சோப்பைப் பிசைந்து அப்பு. தண்ணீர்க் குழாய் வெடித்ததா, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்று. சைலன்சர் தொங்குகிறதா, துணி காயப்போடும் கம்பியை அவிழ்த்துக் கட்டு. துணியை எங்கே காயப்போடுவது என்று நான் கேட்டால், "பானெட்டு மேல போடு, சூடாத்தான் கீது" என்பார். ஒருமுறை ரேடியேட்டர் ஒழுகியபோது மெக்கானிக் மஞ்சள்தூளைக் கொட்டச் சொன்னார். மீன் குழம்புக்கென்று அரைத்து வைத்திருந்த தூள், டப்பாவோடு போயிற்று. ஒழுகல் நின்றது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு வாரத்துக்கு வண்டி போன இடமெல்லாம் மஞ்சள் வேகிற வாசனை. "இன்னா பாயம்மா, வண்டிக்கு சடங்கு சுத்தறீங்களா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

ஒன்றே ஒன்றுதான் எந்த ஒப்பேற்றலுக்கும் மசியவில்லை. அது செல்ஃப். குமிழை இழுத்தால் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பிவிட வேண்டிய மோட்டார் கருகிப் போயிருந்தது. புதுசு போட்டால் ஒரு மாத வியாபாரம் காலி. முன்னால் ஹேண்டிலைச் சொருகிச் சுற்றிப் பார்த்தார். அது ஒருநாள் எகிறி மணிக்கட்டில் அடித்தது, கை பன் மாதிரி வீங்கிவிட்டது. அதற்கப்புறம் தள்ளுவது ஒன்றுதான் வழி. அவர் நல்ல ஆகிருதி, தள்ளினால் வண்டி நகரும். நான் தள்ளினால் அதற்குக் கொசு உட்கார்ந்த மாதிரிகூட உறைக்காது. அதனால் உள்ளே உட்காரும் வேலை எனக்கு வந்தது.

"இதோ பாரு, இது கிளச்சு. அமுக்கிக்கினே இரு. ரெண்டாவது கியர் போட்டு வெச்சிருக்கேன். வண்டி ஓட ஆரம்பிச்சதும் 'வுடு'ன்னு கத்துவேன். பட்டுனு வுடு. அவ்ளோதான்."

"நிறுத்தறது எப்படிங்க?"

"அத்த அப்பாலிக்கா பாத்துக்கலாம்."

யா அல்லா! முதல் நாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் விட்டேன். வண்டி குதித்தது, உறுமியது, அவர் போட்ட கூச்சலில் ஏதோ ஒன்றை மிதித்தேன். தெருமுனை இட்லிக்கடை பெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கடைக்காரர் சட்னி வாளியோடு உள்ளே ஓடிவிட்டார். மறுநாளிலிருந்து அவரும் வந்து கூடத் தள்ளினார். பெஞ்சைக் காப்பாற்ற அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

எங்கள் வாசலிலிருந்து தெருமுனை வரை ஐம்பது கஜம் இருக்கும். ஒரு மாதத்தில் அந்த ஐம்பது கஜம் எனக்கு அத்துப்படியாகிவிட்டது. முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு, பிஸ்மி சொல்லி கிளச்சை விட்டால், காலுக்கடியில் இன்ஜின் பிடித்துக்கொள்வது தெரியும். அந்தக் கணம் வயிற்றில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதை எப்படிச் சொல்ல! சமையலில் உப்புக் குறை சொல்லலாம், துவைத்த துணியில் கறை காட்டலாம். அந்த ஐம்பது கஜத்தில் என்னை ஒரு குறை சொல்ல ஆள் கிடையாது. தெருமுனையில் இறங்கிக்கொள்வேன், அவர் ஏறிப் போவார், நான் நடந்து வீட்டுக்கு வருவேன். இதெல்லாம் ஒரு ஆசையா என்று எனக்கே வெட்கமாக இருந்ததால் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் காலையில் அந்த நினைப்போடுதான் கண் விழிப்பேன்.

வந்தார் பெரிய மச்சான். என் வீட்டுக்காரருக்கு அண்ணன், வெங்காய மண்டி வைத்திருந்தவர், குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"நம்ம வூட்டுப் பொம்பள நடுத்தெருவுல ஸ்டீரிங் புடிக்குதாமே? மண்டியில நாலு பேரு கேக்கறான். மானம் போவுதுடா."

"இன்னா பண்றது அண்ணே, செல்ஃப் செத்துப் போச்சு."

"தெரியும். அதான் கொண்டாந்தேன்" என்று ஒரு கோணிப்பையை டொம்மென்று தரையில் வைத்தார். மெட்ராஸ் புதுப்பேட்டையில், உடைத்த வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய செல்ஃப் மோட்டார். தம்பிக்கு அன்பளிப்பு.

மெக்கானிக் அரை நாளில் மாட்டிவிட்டார். மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயரை ஒரு பித்தளை நட்டுப் போட்டு அவர் முறுக்கியதை, சனியனே என்று பார்த்துக்கொண்டே நின்றேன். என் வீட்டுக்காரர் குமிழை இழுத்தார். கிர்ரென்று ஒரு சுற்று, வண்டி கிளம்பிவிட்டது. "மே, இனிமே உனக்குத் தொல்ல இல்ல!" என்று பச்சைப்பிள்ளை மாதிரி கை தட்டினார். நான் உள்ளே போய் அரிசி களைந்தேன். அழுகை அழுகையாக வந்தது. காயலான் கடை மோட்டாருக்காக அழுதவள் செங்கல்பட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதற்கப்புறம் காலையில் ஒரு கிர்ர், அவ்வளவுதான், வண்டி தெருவைத் தாண்டியிருக்கும். நான் தட்டை டணாரென்று வைத்தேன், டம்ளரை நங்கென்று வைத்தேன். அந்த மனுஷனுக்கு உறைக்க நாலைந்து நாளாயிற்று.

"இன்னாமே, ஒடம்புக்கு ஆவலியா?"

"என்னக் கேட்டுகினா செல்ஃப் போட்டீங்க?"

"சும்மா வந்துதேமே! டப்பு குடுத்தா வாங்கினோம்?"

"தொல்லைன்னு உங்க கிட்ட நான் எப்ப சொன்னேன்? நாள் பூரா அந்த அடுப்பாங்கரையில கெடக்கறேன். அந்த ஸ்டீரிங்கைப் புடிக்கிற நேரம் ஒண்ணுதான் எனக்கு நல்லா இருந்துது. அதக்கூட அண்ணனும் தம்பியுமா புடுங்கிட்டீங்க."

அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. என்னையே பார்த்தார். "அண்ணன் ஆசையா குடுத்தத கழட்டிப் போட முடியுமா, நீயே சொல்லு" என்றார்.

"முடியாதுல்ல. சாப்பிடுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். தான் கொடுத்த செல்ஃப் எப்படி எடுக்கிறதென்று பார்க்கப் பெரிய மச்சானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ஒவ்வொரு கிர்ருக்கும் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். மீன் சோறு சாப்பிட்டுத் திரும்பும்போது, மாமல்லபுரத்தில் சங்குக்கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றார். கடற்கரைக்குப் போகிற வழியில், பாதி மணலும் பாதி மண்ணுமான ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தினோம். "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க, நான் தண்ணி ஊத்தி வெக்கறேன்" என்று என் வீட்டுக்காரர் பானெட்டைத் திறந்தார்.

திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தோம். குமிழை இழுத்தார். சத்தமே இல்லை. இன்னொரு தடவை இழுத்தார். ஊஹூம்.

"ஐயய்ய, அண்ணே, செல்ஃப் பூட்சு. நான் தள்றேன். நீங்க உள்ள உக்காந்து கிளச்சு வுடறீங்களா?"

பெரிய மச்சானுக்கு சைக்கிளே ஓட்ட வராது. ஆனாலும், "இது இன்னா பெரிய கம்பசூத்திரம்" என்று உட்கார்ந்தார். முதல் தடவை கிளச்சை விடவேயில்லை. அடுத்த தடவை விட்ட வேகத்தில் வண்டி குதித்து, நெற்றி கண்ணாடியில் முட்டியது. அதற்கும் அடுத்த தடவை வண்டி பாசிமணி விற்கும் அம்மாளின் கூடையைப் பார்த்துப் போயிற்று. "யோவ் பெரியவரே! கண்ணு தெர்லியா உனக்கு?" என்று அந்த அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று கத்தினாள். வேடிக்கை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் போட்டோகூட எடுத்துவிட்டார். பெரிய மச்சான் நெற்றியைத் தடவிக்கொண்டு இறங்கினார்.

"அந்தப் பொண்ணையே உக்கார சொல்லுடா" என்றார்.

உட்கார்ந்தேன். பின்னால் அண்ணனும் தம்பியும் தள்ளினார்கள். "வுடு" என்று அவர் கத்துவதற்கு முன்பே விட்டேன், எந்த இடத்தில் விட வேண்டுமென்று எனக்குத் தெரியாதா? பிடித்துக்கொண்டது. பழக்கதோஷத்தில் பிரேக் பக்கம் கால் போனது.

"நிறுத்தாதமே! மணல்ல மாட்டிக்கும்! போ! போய்கினே இரு!"

போனேன். அன்றுதான் முதல்தடவையாக மூன்றாவது கியர் போட்டேன். கல் செதுக்குகிற உளிச் சத்தங்களைத் தாண்டி, நடுரோட்டில் படுத்திருந்த ஆட்டுக்கு ஹார்ன் அடித்து எழுப்பி, பஸ் நிலையம் வரை போய் வேப்பமர நிழலில் ஓரமாக நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கவில்லை. சிரிப்பை அடக்க முடியவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவர்கள் வந்து சேர்ந்தார்கள். பெரிய மச்சானின் செருப்பு கையில் இருந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகு, "நேராத்தான் ஓட்டுது" என்றார், யாரையும் பார்க்காமல்.

மறுநாள் காலையிலும் செல்ஃப் எடுக்கவில்லை. "பழைய மாலு, அவ்ளோதான் அதோட ஆயுசு" என்று என் வீட்டுக்காரர் உச்சுக்கொட்டினார். இட்லிக்கடைக்காரர் ஓடிவந்தார். ஐம்பது கஜத்தை நான் ஓட்டிக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு, முந்தின நாள் போட்டிருந்த சட்டையைத் துவைக்கிற கல்லில் ஓங்கி அடித்தேன். டங்கென்று ஒரு சத்தம். பையில் கைவிட்டுப் பார்த்தால் ஒரு பித்தளை நட்டு, கிரீஸ் பிசுக்கோடு. தடித்த ஒயரில் மெக்கானிக் போட்டு முறுக்கினாரே, அதே நட்டு. துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

சட்டையைக் காயவைத்து, இஸ்திரி போட்டு, நட்டை அதே பையில் போட்டு ஆணியில் மாட்டினேன். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து அதைப் போட்டுக்கொண்டவர், பையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நாளைக்கும் தள்ளித்தான் ஆவணும் போல கீதுமே" என்றார்.

"தள்ளுங்க" என்றேன்.