கரும்பலகையில் ஒரு படகு

இது போன தை மாதம் நடந்தது. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் முதலாண்டு கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில். பொங்கல் விடுமுறை முடிந்து எல்லோரும் வகுப்புக்குத் திரும்பிய பிறகும் நான் பல நாள் போகவில்லை. யாராவது கேட்டால் எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடும்படி பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரும் தோழியிடம் போனில் சொல்லிவைத்தேன். விஷயம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். உண்மை தெரிந்தால் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள். அந்த மாதிரி முகங்களை வீட்டிலேயே வேண்டிய அளவு பார்த்தாகிவிட்டது.

அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே காலமாகிவிட்டார். அண்ணன்தான் எல்லாம். விடியற்காலையில் கடலுக்குப் போய்த் திரும்பி, மீன் வாடையோடு பைக்கில் என்னைப் பஸ் ஸ்டாப்பில் கொண்டுவந்து விடுவான். ஒருநாள் என் கால்குலஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா கணக்குடி இது? எழுத்தாவே கீது, நம்பரையே காணோம்" என்றான். மாறிக்கொண்டே இருப்பதை அளக்கிற கணக்கு என்று பெரிய மனுஷி மாதிரி விளக்கினேன். "அப்ப இந்தக் கடல அளந்து சொல்லு, நாளைக்குப் போலாமா வேணாமான்னு" என்றான். அதெல்லாம் மூன்றாம் வருஷத்தில்தான் வரும் என்று சொல்லிப் பஸ் ஏறிவிட்டேன்.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை, அவன் போன ஃபைபர் படகு திரும்பி வரும்போது கரைக்குப் பக்கத்திலேயே, அலை உடையும் இடத்தில், கவிழ்ந்தது. கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கூட இருந்த இரண்டு பேர் நீந்தி வந்துவிட்டார்கள். படகும் வந்து மணலில் ஒதுங்கியது. அண்ணன் மட்டும் வரவில்லை. அந்தப் பருவத்தில் தண்ணீர் தெற்கே இழுக்கும். பக்கத்துக் குப்பங்களிலிருந்தெல்லாம் படகுகள் வந்து தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை.

எங்கள் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடலில் ஒருவர் போய்விட்டால், உடல் கிடைக்கும்வரை யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். கிடைக்கவே இல்லையென்றால் அந்த வீட்டார் 'போதும், போங்கள்' என்று சொல்ல வேண்டும். அம்மா சொல்லவில்லை. பஞ்சாயத்தார் வந்து உட்கார்ந்தார்கள், டீ குடித்தார்கள், கேட்க வந்ததைக் கேட்காமலே எழுந்து போனார்கள். பொங்கலன்று குப்பத்தில் ஒரு வீட்டு வாசலிலும் பானை வைக்கவில்லை. படகுகள் மணலில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. யாரும் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன், மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா தன் குழந்தைக்கு வெறும் ரசத்தை ஊற்றிப் பிசைந்து ஊட்டுவதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அது மீன் கேட்டு அடம்பிடித்தது. மறுநாள் அம்மா பஞ்சாயத்தாருக்குச் சொல்லியனுப்பிவிட்டு என்னிடம், "எத்தினி நாளைக்குத்தான் எல்லாரையும் கட்டிப்போட்டு வச்சிகினு இருக்கறது? அவுங்க தொழிலுக்குப் போவட்டும். நீயும் காலேஜுக்குக் கெளம்பு" என்றாள்.

அண்ணன் இனி இல்லை என்று அவள் சொல்லவில்லை. அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுக்கவே இல்லை. எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. படகுகள் கடலில் இறங்கினால், நான் பஸ் ஏறினால், அவன் வரமாட்டான் என்று நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரிதானே ஆகும்? போகமாட்டேன் என்றேன். அம்மா டிபன் பாக்ஸில் சோற்றைக் கட்டி என் பைக்குள் வைத்தாள். கிளம்பினேன். பஸ் ஸ்டாப்புக்கு நடந்தே போனேன். பின்னால் படகு எஞ்சின்களின் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை, பேசாமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதல் வகுப்பே கால்குலஸ். அந்த மேடத்துக்குக் கொஞ்சம் குத்தலான வாய். "வாம்மா, உனக்கு மட்டும் பொங்கல் இப்பதான் முடிஞ்சுதா?" என்றார். வகுப்பு சிரித்தது. தோழி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடம் கரும்பலகையில் கரையோரம் ஒரு மேடையும் தண்ணீரில் ஒரு படகும் வரைந்தார். மேடை மேல் நிற்கும் ஒருவர் படகில் கட்டிய கயிற்றை ஒரே சீராக இழுக்கிறார், படகு எந்த வேகத்தில் கரையை நெருங்கும் என்பதுதான் கணக்கு. புத்தகத்தில் இருக்கிற வழக்கமான கணக்குதான். "கடற்கரைக்காரி, நீயே வந்து போடு" என்று என்னைக் கூப்பிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் மேல் தப்பே இல்லை.

போனேன். சாக்பீஸை வாங்கி எழுத ஆரம்பித்தேன். கை அதுபாட்டுக்கு எழுதிக்கொண்டு போனது. விடையும் வந்தது.

மேடம் பின்னாலிருந்து, "நம்பர் சரிதான்மா. ஆனா கயிறு குறைஞ்சுக்கிட்டே வருதே, மைனஸ் எங்க? நீ போட்டபடி பார்த்தா படகு கடலுக்குள்ள போகுது. படகு கரைக்குத்தானே வருது?" என்றார்.

நான் படகைப் பார்த்தேன். மேடம் விளையாட்டாக அதில் ஒரு ஆளையும் வரைந்திருந்தார், குச்சிக் கை, குச்சிக் கால்.

"இல்ல மேம்" என்றேன். "வரல. இனிமே வராது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. வீட்டில் யாரும் சொல்லாததை, அம்மாவிடம்கூடச் சொல்லாததை, அத்தனை பேர் நடுவில் சாக்பீஸும் கையுமாக நின்று சொல்லிவிட்டேன். அழுகையை அடக்க முடியவில்லை. தோழி எழுந்து வந்து மேடத்தின் காதில் ஏதோ சொன்னாள். மேடத்தின் முகம் வெளுத்துப்போனது. என்னைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மணி அடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்து, பஸ் கிளம்பும்வரை ஜன்னலோரம் நின்றார். அவர் சும்மா நின்றது எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

ஊரில் இறங்கி நேராகக் கரைக்குப் போனேன். அம்மா அங்கே நின்று, வருகிற ஒவ்வொரு படகையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனோடு போய் நீந்தித் தப்பிய இரண்டு பேரும் அன்று வேறு படகில் போயிருந்தார்கள். அதுதான் கடைசியாக வந்தது. அலை உடையும் இடத்தில் அது ஒருமுறை எம்பியபோது அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். படகு மணலைத் தொட்டது.

"எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

காலையில் வகுப்பில் சொன்னதை அவளிடமும் சொல்லிவிட வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "போனவங்க எல்லாரும் வந்துட்டாங்கம்மா, வா வூட்டுக்குப் போலாம்" என்றேன். அப்போதுதான் அம்மா முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

அந்த மாதிரிக் கணக்கு இப்போதும் தேர்வில் வருகிறது. மறக்காமல் மைனஸ் போடுகிறேன், மார்க்கும் முழுதாகக் கிடைக்கிறது. ஆனால் விடையில் படகு கரைக்கு வந்து சேரும்போதெல்லாம், அதில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் அடுத்த கணக்குக்குப் போகிறேன்.